மலை இறக்கத்தில் ரீஜென் எந்த அளவில் வைப்பது? நியூட்ரலில் உருள விடலாமா?

ஈரோடு_எக்ஸ்பிரஸ்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் மின்சாரக் கார் வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. பேட்டரி 40 யூனிட் சொச்சம். இதுவரை ஈரோடு, கோவை, சேலம் என்று சமவெளியில்தான் ஓட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். ஏறுவதைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை, மேட்டுப்பாளையத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம். இறங்குவதைத்தான் கேட்க வந்தேன்.

ரீஜென், அதாவது மோட்டாரே வண்டியைப் பிடித்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிற வசதி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடிலில் 0 முதல் 3 வரை மாற்றலாம். 3-ல் வைத்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி இழுத்துப் பிடிக்கிறது. 0-வில் வழுக்கிக்கொண்டு போகிறது. மலை இறக்கத்தில் எது சரி? என் மச்சான் பெட்ரோல் கார் காலத்திலிருந்தே இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற ஆள். "மோட்டாரை ஏன் இழுக்க விடுகிறாய், சும்மா உருள விடு, ரேஞ்ச் கூடும்" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


குன்னூர்_வாசி:

தம்பி, முதலில் நியூட்ரல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். மலையில் நியூட்ரல் கிடையாது. பெட்ரோல் காரானாலும் டீசல் லாரியானாலும் மின்சாரக் காரானாலும் கிடையாது. மச்சானிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பெட்ரோல் காரில்கூட அதனால் லாபம் இல்லை. இப்போது வருகிற இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் நின்றுபோகும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் ஊற்றியாக வேண்டும். அதாவது செலவும் கூட, ஆபத்தும் கூட. மின்சாரக் காரில் நியூட்ரல் போட்டால் ரீஜென் முழுதாகப் போய்விடும். வண்டியை நிறுத்துகிற வேலை மொத்தமும் பிரேக் பேடின் தலையில் விழும்.

இங்கே சாலை ஓரத்தில் "தாழ்ந்த கியரில் செல்லவும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள் அல்லவா? மின்சாரக் காரில் அந்தத் தாழ்ந்த கியரின் இடத்தில் இருப்பது ரீஜென்தான். நான் இறங்கும்போது 3-ல் வைத்துத்தான் இறங்குவேன். சமமான இடம் வந்தால் 1-க்குக் குறைப்பேன். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மறுபடி 3.

இன்னொன்று. ஊட்டியில் தங்குகிற இடத்தில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதம் ஆக்கிவிட்டுக் காலையில் இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் வேலை செய்யாது. பல பேர் இதை யோசிப்பதே இல்லை. 80-ல் நிறுத்திவிடுங்கள்.


சுருள்_கம்பி:

அக்கா சொன்னதற்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நான் மின்பொறியாளர், மோட்டார் டிரைவ் துறையில் இருக்கிறேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். வித்தியாசம் 1,900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி, நான்கு பேர், பெட்டி எல்லாம் சேர்த்து 1,700 கிலோ. நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 31.7 மெகாஜூல். ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல், ஆக 8.8 யூனிட். ஊட்டியில் நிற்கும்போதே உங்கள் கார் இவ்வளவு ஆற்றலை உயரமாக வைத்திருக்கிறது.

இறங்கும்போது இது முழுதும் பேட்டரிக்குப் போகாது. கோத்தகிரி வழியாக 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு தூரம் டயர் உருள்வதற்கே ஏறத்தாழ 3 யூனிட் போகும். மலையில் வேகம் குறைவு என்பதால் காற்றுத் தடைக்கு அரை யூனிட் போதும். மீதி 5 சொச்சம் யூனிட். அது கியர், மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி என்று கடந்து போகும்போது ஒவ்வொன்றிலும் சில சதவீதம் சூடாகப் போய்விடும். நல்ல நிலையில் 80 சதவீதம் தேறும். வளைவுகளில் கால் பிரேக் மிதிப்பது, ஏசி, விளக்கு எல்லாம் கழித்தால் 3 முதல் 4 யூனிட் பேட்டரிக்கு வரும் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் 40 யூனிட் பேட்டரியில் அது 8 முதல் 10 சதவீதம்.

அதனால் 100-ல் கிளம்பினால் அந்த 10 சதவீதத்துக்குப் போக்கிடம் இல்லை. லித்தியம் செல் நிரம்பிய பிறகு மின்னோட்டத்தைத் திணிக்க முடியாது, பேட்டரி மேலாண்மை அமைப்பு அனுமதிக்காது. மோட்டார் பிடிக்காது, பாரம் டிஸ்க் மேல் வரும். 85-க்குக் கீழே கிளம்புங்கள், நிம்மதியாக இருக்கும்.

குளிரும் ஒரு காரணம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். ராத்திரி வெளியே நின்ற காரின் பேட்டரி விடியற்காலையில் மிகக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த செல்லில் வேகமாக சார்ஜ் ஏற்றினால் எதிர்முனையில் லித்தியம் உலோகமாகவே படியும், பேட்டரிக்கு அது நிரந்தரச் சேதம். அதைத் தவிர்க்க மென்பொருள் ரீஜெனைக் குறைத்துவிடும். 60 சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது, ஆனால் 3-ல் வைத்தும் வண்டி பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஏறுவதற்கும் கணக்கு வேண்டுமானால்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக 50 கிலோமீட்டர், 13 முதல் 15 யூனிட் ஆகும். 45 சதவீதத்தோடு அடிவாரத்தில் நிற்காதீர்கள்.


ஒற்றை_மிதி:

நான் சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் தினமும் ஓட்டுகிறவன். மலை, சமவெளி எல்லாவற்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: எப்போதும் 3. ரீஜென் என்பது ஓசியில் வரும் மின்சாரம். அதைக் குறைத்து வைப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பும் இருக்கிறது. முன்னால் போகிறவர் திடீரென்று நின்றால் முதலில் நாம் செய்வது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. அந்த நொடியிலேயே வண்டி பிடிக்க ஆரம்பித்துவிடுகிறது. கால் பிரேக்குக்குப் போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் வேகம் குறைந்திருக்கும். 0-வில் வைத்து வழுக்கிக்கொண்டு போகிறவருக்கு அந்த நேரம் வீண்தானே?


நெக்கர்_கரை:

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். ஒற்றை_மிதி நண்பர் சொன்ன "ஓசி மின்சாரம்" என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அது நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வண்டிக்கு ஏற்றிய வேகம். அதில் ஒரு பகுதி திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போகும்போது 80 சொச்சம் சதவீதம் தேறும். அதை மறுபடி சக்கரத்துக்குக் கொண்டுவரும்போது மறுபடி 80 சொச்சம். இரண்டையும் பெருக்கினால் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். மூன்றில் ஒன்று ஒவ்வொரு தடவையும் போய்விடும். வண்டியை அப்படியே உருள விட்டால் இந்த இழப்பு இல்லை. இயக்க ஆற்றல் இயக்கமாகவே செலவாகிறது.

இங்குள்ள தயாரிப்பாளர்கள் பலர் இந்தக் கட்சிதான். போர்ஷே டைகானில் காலை எடுத்தால் வண்டி அனேகமாகச் சுதந்திரமாக உருளும். ரீஜென் பிரேக் மிதியில் இருக்கிறது. மிதித்தால் முதலில் மோட்டார் பிடிக்கும், முதலில் வந்த டைகானிலேயே அது 265 கிலோவாட் வரை திருப்பி அனுப்பக்கூடியதாக இருந்தது. போதாவிட்டால்தான் டிஸ்க். அன்றாடம் பிரேக் பிடிப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் மோட்டாரே பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. ஃபோக்ஸ்வாகன் ஐடி வரிசையில் டி-யில் போட்டால் உருளும், பி-யில் போட்டால் இழுக்கும். டெஸ்லா நேர் எதிர். காலை எடுத்தாலே பலமாகப் பிடிக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1,500 கிலோ கார், 80 கிலோமீட்டர் வேகம், அரை கிலோமீட்டர் முன்னால் டோல்கேட் தெரிகிறது. அப்போதே காலை எடுத்து உருள விட்டால் டயரும் காற்றும் மட்டுமே தடுத்து, சமதளத்தில் அந்த அரை கிலோமீட்டர் முடியும்போது 60-க்கு வந்திருக்கும். இதற்கு பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு ஒன்றும் போகவில்லை. இன்னொருவர் அதே தூரத்தை 80-லேயே ஓட்டி, கடைசியில் ரீஜென் போட்டு 60-க்கு இறங்குகிறார். அந்த அரை கிலோமீட்டருக்கு அவர் 60 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்) செலவழித்து, 37 வாட்-மணி திரும்பப் பெறுகிறார். நிகர நஷ்டம் 23. ஏறத்தாழ 150 மீட்டர் ரேஞ்ச்.

ஒரு தடவைக்கு இது சின்னத் தொகைதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஊருக்குள் ஒரு நாளைக்கு எத்தனை சிக்னல், எத்தனை வேகத்தடை? அத்தனையிலும் இதே கதைதான்.


கோவை_டாக்ஸி:

எனக்கு வாட்-மணி கணக்கெல்லாம் தெரியாது சார். மின்சார வண்டியில் சவாரி ஓட்டுகிறேன். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ரீஜெனை உச்சத்தில் வைத்துக் காலை விட்டு விட்டு மிதித்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டும். போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இன்னும் மோசம். முன்னால் இருப்பவருக்கு சாலை தெரியும், உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். பெரியவர்களும் குழந்தைகளும் "ஏன் தம்பி இப்படி வெட்டி வெட்டி ஓட்டுறீங்க" என்று கேட்பார்கள். கேட்காதவர்கள் ஆப்பில் நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டுப் போவார்கள்.

நான் ஊருக்குள் 1-ல் வைப்பேன். மலைக்குப் போனால் 3, ஆனால் காலை வெடுக்கென்று எடுப்பதில்லை. பாதி மிதியில் வைத்து வண்டியைத் தாங்கிக்கொண்டே வருவேன். ஆக்சிலேட்டரை ஒரு பொத்தான் மாதிரி நினைத்தால் குமட்டல்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் 3-ல்கூட பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

ஈரோடு அண்ணாவுக்கு: வீட்டில் வாந்தி வருகிறவர்கள் யாராவது இருந்தால் கோத்தகிரி சாலையில் நிதானமாக வாருங்கள்.


ஒற்றை_மிதி:

டாக்ஸி நண்பர் சொல்வது கால் பழக்கத்தைப் பொறுத்தது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், அப்புறம் கால் தானாகப் பழகிவிடும். பாதி மிதியில் வைத்தால் 3-லும் உருள விடலாம் என்று அவரே சொல்லிவிட்டார். நெக்கர்_கரை சொல்லும் உருள விடுவதும் அதுதான். மீட்டரில் முள்ளை ரீஜெனைக் காட்டும் பச்சைக்கும் போகாமல் செலவுக்கும் போகாமல் நடுவில் நிறுத்தினால் வண்டி உருள்கிறது. எனக்குத் தனியாக 0 எதற்கு?

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கும் இருக்கிறது. ரீஜெனில் வேகம் குறையும்போது பின்னால் பிரேக் லைட் எரிகிறதா? பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நான் பிரேக் போடுவது எப்படித் தெரியும்?


நெக்கர்_கரை:

முள்ளை நடுவில் நிறுத்துவது சரிதான். நல்ல ஓட்டுநருக்கு எந்த அமைப்பும் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் நீண்ட நெடுஞ்சாலையில் அந்தப் புள்ளியில் காலை அசையாமல் வைத்துக்கொண்டே இருப்பது களைப்பு. 0 அங்கேதான் உதவும்.

பிரேக் லைட் நல்ல கேள்வி. கார் பிரேக்குகளுக்கான ஐ.நா.வின் 13-எச் விதிமுறையில் இதற்கு அளவு இருக்கிறது. மிதியைத் தொடாமல் ரீஜென் மட்டும் பிடிக்கும்போது, ஒவ்வொரு வினாடியும் வேகம் குறைவது வினாடிக்கு 0.7 மீட்டர் அல்லது அதற்குக் கீழ் என்றால் விளக்கு எரியக் கூடாது. 0.7-க்கு மேல் 1.3 வரை எரியலாம், தயாரிப்பாளர் விருப்பம். 1.3-ஐத் தாண்டினால் கட்டாயம் எரிய வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பது 2023-ல் அமெரிக்காவில் தெரிந்தது. ஹூண்டாய், கியா மின்சாரக் கார்கள் சிலவற்றில், உச்ச ரீஜெனில் காலை முழுதாக எடுக்காமல் லேசாக மிதியில் வைத்திருந்தால், வண்டி பலமாக வேகம் குறைந்தும் விளக்கு எரியவில்லை என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழ் சோதித்து எழுதியது. விளக்கின் நிபந்தனை மிதியின் நிலையோடு கட்டப்பட்டிருந்ததுதான் காரணம். நிறுவனம் பிறகு மென்பொருளை மாற்றிக் கொடுத்தது.

உங்கள் காரில் எப்படி என்று பார்க்க எளிய வழி: இருட்டிய பிறகு, ஆள் இல்லாத சாலையில், பின்கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கவனியுங்கள். பின்னால் இன்னொரு வண்டியில் நண்பரை வரச் சொன்னால் இன்னும் தெளிவு.


ஈரோடு_எக்ஸ்பிரஸ்:

எல்லோருக்கும் நன்றி. மச்சானுக்கு இந்த இழையையே அனுப்பிவிட்டேன். அவர் இன்னொரு கேள்வி கேட்கச் சொல்கிறார். பெட்ரோல் காரில் மைலேஜ் பிடிக்கிறவர்கள் 60 வரை விரட்டி, பிறகு காலை எடுத்து 40 வரை உருள விட்டு, மறுபடி விரட்டுவார்களாம். மின்சாரக் காரில் அதைச் செய்தால் ரேஞ்ச் கூடுமா?


சுருள்_கம்பி:

கூடாது, கொஞ்சம் குறையவே செய்யும். காரணத்தைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த இடம் இது.

பெட்ரோல் இன்ஜின் லேசான பாரத்தில் ஓடும்போது மிக மோசமான திறனில் ஓடும். நன்றாக மிதித்தால் திறன் ஏறும். அதனால் நல்ல திறனில் விரட்டி, இன்ஜினை விட்டுவிட்டு உருள்வது அதற்கு லாபம். மோட்டாருக்கு இந்த நோய் கிடையாது. லேசான பாரத்திலும் நல்ல திறனிலேயே ஓடும், சீரான வேகத்தில் 85-90 சதவீதம் சாதாரணம். ஆனால் வேகம் ஏறி இறங்கினால் காற்றுத் தடை கூடும். அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற விஷயம். சராசரி 50 என்றாலும், 60-ல் கூடுதலாகக் கட்டுவது 40-ல் மிச்சப்படுவதைவிட அதிகம். சீராக 50-ல் போவதே நல்லது.

இன்னொரு நுணுக்கம். "உருள விடுவது" எல்லா மோட்டாரிலும் ஒன்றல்ல. இப்போது நம் ஊரில் ஓடும் மின்சாரக் கார்களில் பெரும்பாலும் நிரந்தரக் காந்த மோட்டார். அதன் சுழலியில் காந்தம் எப்போதும் இருக்கும். மின்சாரம் கொடுக்காவிட்டாலும் சுற்றும்போது இரும்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகி லேசாக இழுக்கும். கியர் வழியாக சக்கரத்தோடு நிரந்தரமாகப் பிணைந்திருப்பதால், நியூட்ரல் போட்டாலும் மோட்டார் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மச்சான் பெட்ரோல் காரில் கிளட்ச் விலகி இன்ஜின் பிரிவதைப் போன்ற பிரிவு இங்கே நடப்பதில்லை. 0-வில் உருள்வதற்கும் நியூட்ரலுக்கும் இழுவையில் பெரிய வித்தியாசம் இராது. நியூட்ரலில் ரீஜென் என்ற கைப்பிடியை இழக்கிறீர்கள், பதிலுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

தூண்டல் மோட்டார் வேறு. மின்சாரத்தை நிறுத்தினால் அதன் காந்தப்புலமே அடங்கிவிடும், தாங்கி உராய்வு தவிர இழுவை இல்லை. ஆடியின் முதல் இ-ட்ரானில் இரண்டு அச்சிலும் அதைத்தான் வைத்தார்கள். ஒரு அச்சை உறங்க விட்டு உருள்வதற்கு அது வசதி. அந்த வண்டியை 2018-ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையிலிருந்து இறக்கிக் காட்டினார்கள். 31 கிலோமீட்டர், 1,900 மீட்டர் இறக்கம். இறங்கிச் சேர்த்த மின்சாரம் ஏறத்தாழ அதே அளவு தூரம் ஓடப் போதுமானது என்றார்கள். ஊட்டி இறக்கமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், என்ன, நம் சாலை இரு மடங்கு நீளம். சரிவு குறைவு, உருள்வதற்கே அதிகம் போய்விடும்.


பேசின்பிரிட்ஜ்_ஷெட்:

கார் இழையில் ரயில்காரன் நுழைவதை மன்னிக்கவும். உருள விடுவதா, ரீஜெனா என்ற வழக்கு ரயிலில் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. இரண்டும்தான்.

புறநகர் ரயிலில் வேகம் பிடித்த பிறகு இந்த இடத்தில் கன்ட்ரோலரை அணைத்து உருள விடு என்று தண்டவாளம் ஓரத்தில் பலகை வைப்பது உண்டு. எஃகின் மேல் எஃகு உருள்வதால் இழுவை மிகக் குறைவு, ரயில் வெகுதூரம் தானாகப் போகும். நிலையம் நெருங்கியதும் மிச்சமிருக்கும் வேகத்தை ரீஜென் எடுத்துக்கொள்ளும். அந்த மின்சாரம் மேல்கம்பிக்குத் திரும்பிப் போகும், பக்கத்தில் கிளம்புகிற இன்னொரு ரயில் அதை இழுத்துக்கொள்ளும். டெல்லி மெட்ரோ இப்படி மிச்சம் பிடித்ததற்காக 2007-ல் ஐ.நா.வின் தூய்மை மேம்பாட்டுத் திட்டத்தில் (கரியமில வாயுவைக் குறைத்தால் அதற்கு வரவு தரும் ஏற்பாடு) பதிவு பெற்றது. உலகத்தில் அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம் அது.

பேட்டரி நிரம்பினால் ரீஜென் நின்றுவிடும் என்று மேலே சொன்னீர்கள். கம்பியிலும் அதே தொல்லை உண்டு. பக்கத்தில் இழுக்க ரயில் இல்லாவிட்டால் கம்பியின் மின்னழுத்தம் ஏறும், ஒரு எல்லைக்கு மேல் ரீஜென் வெட்டிவிடும். அப்போது மின்தடைச் சுருளில் சூடாக்கியோ பிரேக் கட்டையிலோதான் நிறுத்த வேண்டும்.


ஓசூர்_இருசக்கரம்:

ஸ்கூட்டர்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதர் 450 ஏபெக்ஸில் 2024 தொடக்கத்தில் ஒரு வசதி கொண்டுவந்தார்கள். ஆக்சிலேட்டரை வழக்கமான பக்கம் முறுக்கினால் வேகம், சுழியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் கொஞ்சம் முறுக்கினால் ரீஜென். கையை சும்மா விட்டால் ஒரு மாதிரி, பின்னால் முறுக்கினால் பலமாக. எனக்கு இதுதான் மிகச் சரியான தீர்வு என்று தோன்றுகிறது. உருள்வதும் பிடிப்பதும் தனித்தனியாக, ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. காரிலும் சிலவற்றில் இடது பேடிலை இழுத்துப் பிடித்தால் இப்படித்தான் வேலை செய்யும்.

ஐஐடி மெட்ராஸில் தொடங்கி எங்கள் ஊரில் ஆலை வைத்திருக்கிறவர்கள் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஸ்கூட்டரில் எடை குறைவு, திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் குறைவு. ஆனால் டிராஃபிக்கில் விரல்கள் பிரேக் லீவரில் வலிக்காமல் இருப்பதே பெரிய லாபம்.


சுருள்_கம்பி:

எடை என்றதும் சுவிட்சர்லாந்தின் அந்தச் சுரங்க லாரி நினைவுக்கு வருகிறது. பீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலைக்காக கோமாட்சு டம்பர் ஒன்றை மின்சார வண்டியாக மாற்றினார்கள், 600 யூனிட் பேட்டரி. அங்கே கல் வெட்டும் இடம் மலைமேல், ஆலை கீழே. வெற்று வண்டியாக 45 டன்னோடு ஏறும், 65 டன் கல்லைச் சுமந்து இறங்கும். இறங்கும்போது கிடைப்பது ஏறும் செலவுக்குப் போதும். பாரத்தைக் கீழே கொண்டுவருகிற வேலை என்பதால்தான் இது முடிகிறது, ஓசி மின்சாரம் என்று எதுவும் இல்லை. ஆற்றல் அந்தக் கல் மலைமேல் இருந்ததில் இருக்கிறது.

ஈரோட்டுக்காரருக்கு இது ஏன் என்றால், ஏறியதில் செலவான 14 யூனிட்டில் 4 திரும்பி வருகிறது என்பதை யாரும் மோசம் என்று நினைக்கக் கூடாது. பெட்ரோல் காரில் அது முழுவதும் பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாகத்தான் போகிறது.


பெசன்ட்நகர்_காற்று:

எல்லோரும் ரீஜெனைப் புகழ்கிறீர்கள். எனக்கு ஒரு புகார். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ரீஜென் உச்சத்தில் வைத்து ஓட்டியதில் கால் பிரேக்கையே தொடுவதில்லை. இப்போது டிஸ்க் முழுக்கத் துரு. காலையில் முதல் தடவை மிதித்தால் கரகரவென்று சத்தம். சர்வீஸில் பேட் தேயவே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்கள், டிஸ்கைப் பார்க்கவில்லை போலும். இது பரவாயில்லையா?


நெக்கர்_கரை:

குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் எங்கள் ஊரிலும் இதே பிரச்சினைதான். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 இரண்டிலும் பின்சக்கரத்துக்கு டிஸ்க் வைக்காமல் டிரம் வைத்ததற்கு இது ஒரு காரணம். மூடிய டிரம்முக்குள் உப்பும் ஈரமும் எளிதில் போகாது. மலிவுக்காகச் செய்தார்கள் என்று பலர் திட்டினார்கள், ஆனால் பின்பிரேக் அபூர்வமாகவே வேலை செய்யும் வண்டிக்கு அது பொருத்தம்தான்.

லேசான மேல்துரு நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அது பள்ளம் விழுந்த துருவாக மாற விடக் கூடாது. வாரம் ஒரு தடவை, பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, ரீஜெனை 0-வில் வைத்து 60-லிருந்து நன்றாக அழுத்திச் சில தடவை நிறுத்துங்கள். சில கார்களில் மிதியை மிதித்தாலும் முதலில் ரீஜென்தான் வரும், அங்கே 0-வில் வைத்தாலும் டிஸ்க் தொடாது. அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரி நிரம்பிய நிலையில், வீட்டிலிருந்து கிளம்பியவுடன் செய்தால் டிஸ்க் வேலை செய்யும்.


குன்னூர்_வாசி:

பெசன்ட்நகர் நண்பர் கேட்டது ஈரோட்டுத் தம்பிக்கும் பொருந்தும், அதனால்தான் மறுபடி வருகிறேன். மாதக்கணக்கில் சமவெளியில் ரீஜெனிலேயே ஓட்டிவிட்டு, மலையில் ஒரு நாள் ரீஜென் குறையும்போதுதான் டிஸ்கைத் தேடுவார்கள். வருவதற்கு முன் பிரேக் டிஸ்க், பேட், பிரேக் ஆயில் மூன்றையும் காட்டிவிட்டு வாருங்கள். பேட் தேயவில்லை என்பதற்காக ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அது காலத்தோடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகும், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

மழை, மூடுபனி இருந்தால் 3-ஐ 2 ஆக்குங்கள். உங்கள் வண்டியில் மோட்டார் முன்சக்கரத்தில் மட்டும் இருந்தால், ரீஜென் பிடிப்பதும் முன்னால் மட்டும்தான். ஈர இலை கிடக்கும் வளைவில் காலை ஒரேயடியாக எடுத்தால் முன்சக்கரம் வழுக்கப் பார்க்கும். ஏபிஎஸ் அதை உணர்ந்து ரீஜெனை வெட்டும், அந்தக் கணத்தில் வண்டி முன்னால் துள்ளுவது மாதிரி இருக்கும். குழி, வேகத்தடை மேல் போகும்போதும் சில வண்டிகளில் இது தெரியும். பயப்படாமல் கால் பிரேக்கை மிதித்தால் போதும், அது எப்போதும் இருக்கிறது.

வழி பற்றி: சீசனில் ஒருவழிப்பாதை போட்டால் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. ஊட்டியிலிருந்து தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏற்றம்தான், 80-ல் கிளம்பினால் அங்கேயே கொஞ்சம் இடம் கிடைத்துவிடும். மசினகுடி பக்கம் போக ஆசைப்பட்டு கல்லட்டி வழியாக இறங்க முயலாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு, சரிவு மிக அதிகம், வெளியூர் வண்டிகளுக்கு அந்தப் பக்கம் இறங்க அனுமதி இல்லை. கூடலூர் சுற்றிப் போகலாம்.

மச்சான் ஓட்டுவதாக இருந்தால் கோத்தகிரியில் டீ குடித்துவிட்டு, அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை நீங்கள் ஓட்டுங்கள். செங்குத்தான பகுதி அந்த 33 கிலோமீட்டரில்தான் இருக்கிறது.